பின்பாட்டுக்காரர்கள்

ஊமை நாயகர்களோடு விளையாடி வளர்ந்த தலைமுறை எங்களுடையது. கம்ப்யூட்டர் கேம்களில் ஆர்.பி.ஜி. என்று ஒரு வகை உண்டு. சுட்டுத் தள்ளுவதும் காரோட்டுவதும் அதில் பெரிதல்ல. நாமே ஓர் ஆளைப் படைத்து, பெயர் வைத்து, மூக்கையும் தாடியையும் தேர்ந்தெடுத்து, ஒரு பெரிய கதைக்குள் இறக்கிவிட வேண்டும். வழியில் பார்க்கிறவர்கள் அவனிடம் பேசுவார்கள். அவன் சொல்லத் தக்க பதில்கள் நான்கைந்து வரிகளாகத் திரையின் அடியில் வரும். ஒன்றைத் தொட்டதும் எதிராளி மறுமொழி சொல்லத் தொடங்கிவிடுவான். நம் ஆள் வாய் திறப்பதில்லை. மந்திரவாதிக்கும் தளபதிக்கும் சாராயக்கடைக்காரிக்கும் குரல் இருக்கும். உலகத்தையே காப்பாற்றப் போகிறவனுக்கு மட்டும் கிடையாது.

நாம் படைத்த அந்த நாயகன் பேச வேண்டுமா, பேசாமலே இருக்க வேண்டுமா என்பது கேம் விளையாடுகிறவர்களிடையே நெடுநாளாக நடக்கும் வழக்கு. நடிகரின் குரல் இருந்தால்தான் கதையில் உயிர் இருக்கும் என்பது ஒரு கட்சி. இன்னொருவர் குரல் வந்து உட்கார்ந்த பிறகு அவன் எப்படி என் ஆள் ஆவான் என்பது மறு கட்சி. எனக்கும் அதில் ஒரு கட்சி உண்டு. அது மட்டாஞ்சேரியில், ஒரு மாடி அறையில் உருவானது.

எங்கள் தாத்தா விருதுநகரிலிருந்து மிளகு வியாபாரத்தை ஒட்டிக்கொண்டு கொச்சிக்கு வந்தவர். அப்பா பஜார் ரோட்டில் ஒரு பாண்டிகசாலையில் கணக்கு எழுதினார். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ஜூ டவுன். மிளகு முன்பேர வணிகம் 1957 முதல் அங்கேதான் நடந்து வந்தது. வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் ஒரே கூடத்தில் நின்றுகொண்டு கத்தி விலை பேசுவார்கள். அந்தக் கூச்சல் தெருவரைக்கும் கேட்கும். குஜராத்தியில் ஒரு விலை, மலையாளத்தில் ஒரு விலை, நடுவில் கொங்கணியில் ஒரு வசவு. பிற்பாடு வியாபாரம் கம்ப்யூட்டர் திரைக்குப் போனதும் கூடம் அடங்கிவிட்டது. வாயால் பேசியே பிழைத்த ஊர் அது.

செர்லாயில் கொங்கணி கேட்கும். குஜராத்தி ரோட்டில் குஜராத்தியும் கச்சியும். ஃபோர்ட் கொச்சி வேளிப் பக்கம் போனால் சலவைத் துறையில் தமிழ். டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்க அழைத்து வந்தவர்களின் வழி வந்த குடும்பங்கள் அவை என்று சொல்வார்கள். எங்கள் வீட்டுத் தமிழ் பாதி விருதுநகர், பாதி மட்டாஞ்சேரி. ‘மதிடா, பாவம், விட்டுரு’ என்றுதான் அம்மாவே சொல்வாள். மலையாளத்தில் ‘மதி’ என்றால் போதும். கோடை விடுமுறைக்கு விருதுநகர் போனால் அத்தை பிள்ளைகள் ‘மலையாளத்தான் வந்துட்டான்’ என்பார்கள். கொச்சியில் வகுப்புக்குள் நுழைந்தால் ‘பாண்டி’.

மலையாளப் படங்களில் அப்போது தமிழ் பேசுகிறவன் பெரும்பாலும் சிரிப்புக்காகவே வருவான். ஒரே ஒரு முறை அது மாறியது. 1993இல் வந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தில் ஷோபனா நாகவல்லியாகித் தமிழ் பேசினார். பின்னாட்களில் டிவியில் அந்தப் படம் போடும்போதெல்லாம் என்னைப் பாண்டி என்று கூப்பிட்டவர்கள் எல்லோரும் அந்தத் தமிழுக்கு நடுங்கியதைப் பார்த்திருக்கிறேன். அந்த முகத்துக்குள் இரண்டு பெண்களின் குரல் இருந்தது என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்தே தெரிந்தது. கங்கையாக இருக்கும்போது பாக்யலட்சுமி, நாகவல்லியாகும்போது துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞர். ஒரு முகத்துக்கு எந்தக் குரலைக் கொடுக்கிறோம் என்பதில் எவ்வளவு இருக்கிறது என்பதை அந்தப் படம் எங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தது.

கேம் விளையாடியது குஜராத்தி ரோட்டில் ஒரு நண்பன் வீட்டு மாடியில். எங்கள் கூட்டத்தில் கம்ப்யூட்டர் இருந்தது அவன் வீட்டில் மட்டும். எர்ணாகுளத்துக்குப் படகில் போய் சிடி வாங்கி வருவோம். மவுஸைப் பிடிப்பவன் கூவப்பாடத்துக்காரன். கை வேகம் அவனுக்குத்தான். ஆனால் மலையாள மீடியத்தில் படித்தவன். இங்கிலீஷ் வரிகள் வரிசையாக வந்தால் அவனுக்குத் தலை சுற்றும். எனக்கு மவுஸ் வராது, இங்கிலீஷ் வரும். ஆக அவன் நாற்காலியில் உட்காருவான், நான் நாற்காலிக்குப் பின்னால் நின்று படிப்பேன். செர்லாயிலிருந்து வரும் கொங்கணிக்காரப் பையனும் வீட்டுக்காரனும் பக்கவாட்டில் நிற்பார்கள். அவர்களுடைய வேலை ஆலோசனை சொல்வது, அதற்கு மேல் சண்டை போடுவது.

அந்தக் காலத்து கேம்களில் எழுத்து மலைபோலக் குவிந்து கிடக்கும். 2000இல் வந்த ‘பால்டர்ஸ் கேட்’ இரண்டாம் பாகத்தில் ஒருவன் பேசத் தொடங்கும்போது முதல் வரி காதில் கேட்கும், மீதி எழுத்தில் ஓடும். 2002இல் வந்த ‘மாரோவிண்ட்’ அதையும் மிஞ்சியது. ஒரு கைதியாகக் கப்பலிலிருந்து இறக்கிவிடப்படுவோம். யார், என்ன குற்றம், எதுவும் தெரியாது. அந்தத் தீவின் பூர்வகுடிகள் நம்மை ‘அவுட்லேண்டர்’ என்று கூப்பிடுவார்கள். எங்கிருந்தோ வந்த அந்நியன். சொல்லும் தொனியிலேயே எரிச்சல் இருக்கும்.

அந்தச் சொல்லை நான் முதலில் படித்ததும் கூவப்பாடத்துக்காரன் திரும்பாமலே சொன்னான்: “எடா, நின்னெயாணு விளிக்குன்னது.” உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எங்கள் நாயகன் தமிழன். ஊர்க்காரர்கள் பேசும் வரிகளை மலையாளத்தில் சொல்வேன். பிரபுக்கள் வந்தால் இங்கிலீஷை அப்படியே கொஞ்சம் மூக்கால் படிப்பேன். நாயகன் சொல்ல வேண்டிய பதில்களை மட்டும் எங்கள் வீட்டுத் தமிழில் எடுத்துச் சொல்வேன். தெருக்கொள்ளையனிடம் மிரட்டல் வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் “வழியை விடுறியா, இல்ல காலை ஒடிக்கவா?” பிச்சைக்காரியிடம் காசு கொடுக்கிற வரி என்றால் “இந்தா ஆத்தா, சாயா குடி.” மற்ற மூவருக்கும் அது போதுமான அளவு புரியும். சில நாட்களில் அவர்களே எனக்கு முந்திக்கொண்டு அந்தத் தமிழில் பதில் சொல்வார்கள். பாண்டி என்று கேலி பேசிய அதே வாய்கள்.

‘பால்டர்ஸ் கேட்’டில் இன்னொரு வசதியும் இருந்தது. நாயகன் உரையாடலில் பேசமாட்டான் என்றாலும், அவனைத் தொட்டால் ஒரு வார்த்தை, சண்டைக்குக் கிளம்பினால் ஒரு கத்தல், அடிபட்டால் ஒரு முனகல் என்று சில ஒலிகள் உண்டு. அவற்றை நாமே பதிவு செய்து ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டால், நாயகனுக்கு நம் குரல் வந்துவிடும். வீட்டுக்காரனிடம் ஒரு மலிவான மைக் இருந்தது. யார் குரல் என்று சண்டை வந்து, கடைசியில் எல்லார் குரலும் என்று முடிவானது. தாக்குதலுக்குக் கொங்கணி. அடிபட்டால் கச்சியில் ஒரு முனகல். அதைக் கேட்டு வீட்டுக்காரனின் பாட்டி அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். மறைந்து நடக்கும்போது மலையாளத்தில் ஒரு கிசுகிசுப்பு. கூட்டத்துக்குத் தலைவனாகப் பேசும் வரி தமிழில், என்னுடையது: “எல்லாரும் வந்தாச்சா? நடங்கடா.” வாள் பிடித்த ஒரே ஆள், நாலு வீட்டுப் பேச்சு.

இது புதுச் சமாசாரம் ஒன்றுமில்லை என்று எனக்குப் புரிந்தது திருப்பூணித்துறையில். பூர்ணத்ரயீச கோயிலின் விருச்சிக உற்சவத்துக்கு அப்பா ஒரு வருடம் அழைத்துப் போனார். ராத்திரி முழுக்கக் கதகளி. வேஷக்காரர் வாய் திறப்பதில்லை. தாடி, கத்தி என்ற வகை வேஷங்கள் நடுநடுவே அலறுவது தவிர, அரங்கில் நிற்கும் நளனும் பீமனும் ஒரு சொல் பேசமாட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு பாகவதர்கள் நிற்பார்கள். சேங்கிலையைத் தட்டிக்கொண்டு பாடுகிற மூத்தவர் பொன்னானி, இலத்தாளத்தோடு சேர்ந்து பாடுகிறவர் சிங்கிடி. பீமனின் கோபம் பீமனின் முகத்தில். பீமனின் சொல் பொன்னானியின் தொண்டையில். வேஷக்காரர் முத்திரைகளைக் காட்டி முடிக்கும்வரை பாகவதர் அதே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே இருப்பார். பாதித் தூக்கத்தில் அதைப் பார்த்தபோது எனக்குக் குஜராத்தி ரோட்டு மாடிதான் நினைவுக்கு வந்தது. உட்கார்ந்திருப்பவன் கை, நிற்பவன் வாய்.

கதகளி பிறக்கும்போதே அப்படி இருக்கவில்லை. அதற்கு முந்தைய ராமனாட்டத்தில் வேஷக்காரர்களே பாடி ஆடினார்கள் என்றும், 17ஆம் நூற்றாண்டில் வெட்டத்து நாட்டுத் தம்புரான் செய்த சீர்திருத்தத்தில்தான் பாட்டு பின்னால் நிற்பவர்களிடம் போனதென்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். வேஷக்காரரின் வாயிலிருந்து பேச்சை எடுத்துவிட்டதும் கண்ணும் புருவமும் விரலும் அந்த வேலையை ஏற்றுக்கொண்டன. அங்கிருந்து ஒரு படி மேலே போனது இளகியாட்டம். பதம் பாடி முடிந்த பிறகு, பாட்டே இல்லாமல் செண்டையும் மத்தளமும் மட்டும் ஒலிக்க, நடிகர் தன் மனோதர்மத்தில் கதையை விரித்துக்கொண்டு போவார். ‘கல்யாணசௌகந்திக’த்தில் பீமன் காட்டுக்குள் போகிறான். அங்கே ஒரு மலைப்பாம்பு யானையின் காலைப் பிடித்து விழுங்குகிறது, யானை தவிக்கிறது, அதன் மேல் சிங்கம் பாய்கிறது. அத்தனையையும் ஒரே மனிதர், ஒரு வார்த்தையும் இல்லாமல் காட்டுவார். எழுதிவைத்த சொல் இல்லாத இடத்தில்தான் நடிகர் எவ்வளவு பெரியவர் என்பது தெரியும். ஊமை நாயகன் உள்ள கேமில் விளையாடுகிறவனுக்குக் கிடைப்பதும் இந்த இளகியாட்டத்துக்கான இடம்தான்.

பின்னால் நிற்கும் குரல் யாருடையதாகவும் இருக்கலாம் என்பதற்கும் கேரளத்தில் சாட்சி உண்டு. கலாமண்டலம் ஹைதராலி (1946–2006) முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். கதகளிப் பாட்டில் பெரிய பெயர். சில கோயில்களுக்குள் அவரால் நுழைந்து பாட முடியவில்லை. ஆனால் அவர் பாடிய அரங்குகளில் கிருஷ்ணனும் நளனும் அவருடைய தொண்டையால்தான் பேசினார்கள். கேட்டவர்கள் யாருக்கும் அது நளனுடைய குரல் இல்லை என்று தோன்றியிருக்காது.

நான் வேலைக்குச் சென்னை வந்த பிறகு நாயகர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். 2007இல் ‘மாஸ் எஃபெக்ட்’. கமாண்டர் ஷெப்பர்டை ஆணாகப் படைத்தால் மார்க் மீர் குரல், பெண்ணாகப் படைத்தால் ஜெனிஃபர் ஹேல் குரல். 2009இல் வந்த ‘டிராகன் ஏஜ்’ முதல் பாகத்தில் நாயகன் இன்னும் ஊமை; இரண்டே வருடத்தில், 2011இல், இரண்டாம் பாகத்தில் பேசிவிட்டான். 2015இல் ‘ஃபால்அவுட் 4’ வந்தபோது அதன் தயாரிப்பாளர்கள் பெருமையோடு சொன்ன எண் 13,000: ஆண் நாயகனுக்கும் பெண் நாயகிக்கும் ஆளுக்கு அத்தனை வரிகளுக்கு மேல் பதிவு செய்திருந்தார்கள்.

பதிவான குரலுக்கு ஒரு விலை உண்டு. அது எழுத்தில் வசூலாகிறது. ஒவ்வொரு பதிலையும் இரண்டு நடிகர்கள் ஸ்டூடியோவில் பேச வேண்டும் என்றால் பதில்களின் எண்ணிக்கை தானாகக் குறையும். ‘ஃபால்அவுட் 4’இல் எந்த உரையாடலானாலும் நான்கு பதில்களுக்கு மேல் கிடையாது. அவையும் முழு வரியாக இருக்காது. ‘கிண்டல்’ என்று ஒரு சொல் இருக்கும், தொட்ட பிறகுதான் அவன் என்ன கிண்டல் செய்தான் என்பது நமக்கே தெரியும். நாம் வைக்கும் பெயரை நடிகர்கள் முன்கூட்டிப் பேசி வைக்க முடியாது. அதனால் ‘மாஸ் எஃபெக்ட்’டில் எல்லோரும் ‘ஷெப்பர்ட்’ என்பார்கள், ‘டிராகன் ஏஜ்’ இரண்டாம் பாகத்தில் ‘ஹாக்’ என்பார்கள். ‘ஃபால்அவுட் 4’இல் காட்ஸ்வர்த் என்ற ரோபோவுக்கு மட்டும் ஆயிரத்தை ஒட்டிய பெயர்களைச் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். என் பெயர் அதில் இல்லை. என்னை அவன் ‘சார்’ என்று கூப்பிட்டான்.

அந்த கேமில் நாயகன் காணாமல் போன தன் குழந்தையைத் தேடுகிறான். நடிகர் நன்றாகவே பேசியிருந்தார். குழந்தையின் பெயரைச் சொல்லும் இடத்தில் குரல் உடைவது பொய்யாக இல்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாஸ்டன் பக்கத்தில் வாழ்ந்த, மனைவியும் வீடும் இருந்த, ராணுவத்தில் இருந்து வந்த ஒரு அமெரிக்கர் பேசுகிறார் என்பதும் முதல் வரியிலேயே முடிவாகிவிட்டது. மூக்கும் தாடியும் நான் வைத்தவை. உள்ளே இருந்தவர் ஏற்கெனவே குடியேறிவிட்டவர். அவரிடம் தமிழ் பேசச் சொல்ல எனக்கு இடமில்லை. அவுட்லேண்டராக இருக்கவும் அவரால் முடியாது. அது அவருடைய சொந்த ஊர்.

கூவப்பாடத்துக்காரன் இப்போது ஷார்ஜாவில் இருக்கிறான். நான் இப்படியெல்லாம் புலம்பியபோது போனில் சிரித்தான். “எடா, பன்னிரண்டு மணி நேர வேலை முடிஞ்சு ரூமுக்கு வர்றேன். படிக்கிறதுக்குக் கண்ணு எங்கே இருக்கு? அவன் பேசறான், நான் சாஞ்சு உட்கார்ந்து கேட்கறேன். கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு இங்கிலீஷே வந்தது. இங்கே கம்பெனியில நான் பேசற இங்கிலீஷ் பாதி கேம்ல இருந்து வந்தது, அறியாமோ?” அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. குரல் அவனுக்கு வாசல் திறந்துவிட்டது. யாரும் பின்னால் நின்று படித்துச் சொல்லாமல், தனியாக ஒரு கதைக்குள் போக முடிந்தது. அந்தக் காலத்திலேயே நாயகன் பேசியிருந்தால் அவனுக்கு நான் தேவைப்பட்டிருக்கவே மாட்டேன். என் ஏக்கத்தில் பாதி, தேவைப்பட்டவனாக இருந்த ஒருவனின் ஏக்கம்.

அவன் அதோடு விடவில்லை. “அப்புறம் ஒண்ணு கேட்கணும்னு இருந்தேன். நீ அப்போ எல்லா வரியையும் படிச்சியா? கொல்லணும்கிற வரியை ஒரு நாளும் நீ சரியாச் சொன்னதில்லைன்னு எனக்குச் சந்தேகம். எத்தனை பேரை நீயே காப்பாத்திவிட்டே?” சிலரைக் காப்பாற்றியிருப்பேன். எங்கள் நாயகன் நல்லவனாக வளர்ந்ததில் என் மொழிபெயர்ப்புக்கும் பங்குண்டு. குரல் கொடுப்பவன் கையில் கதையின் ஒரு முனை எப்போதும் இருக்கும். வேஷக்காரரும் பாகவதரும் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டே இழுக்கிற கயிறு அது. அந்த முனையைத்தான் ஸ்டூடியோவில் பேசும் நடிகரும் அவரை இயக்குபவரும் இப்போது பிடித்திருக்கிறார்கள்.

நாயகன் தன் வாயாலேயே பேசுவது தவறு என்று நான் சொல்லவில்லை. கொச்சிக் கடற்கரையிலேயே அதற்கு வேறொரு மரபு உண்டு. லத்தீன் கத்தோலிக்கர்களின் சவிட்டு நாடகத்தில் நடிகர்களே பாடுவார்கள். மரப்பலகை மேடை அதிர மிதித்து ஆடுவார்கள். போர்ச்சுக்கீசியர் காலத்தில் உருவான அந்த நாடகங்களில் பெரிய பெயர் ‘காறல்மான் சரித்திரம்’, அதாவது ஃபிராங்குகளின் பேரரசன் சார்லமேனின் கதை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்று மரபில் சொல்லப்படும் சின்னத்தம்பி அண்ணாவிதான் அதை இயற்றியவர் என்பார்கள். அந்தப் பாட்டுகளின் மொழி தமிழ் கலந்த மொழி. பளபளக்கும் உடுப்பும் கிரீடமுமாக ஒரு ஐரோப்பிய மகாராஜா, கொச்சிக் கடற்கரையில் நின்று தன் வாயால் தமிழ்ச் சொல் பாடுகிறார். கேட்கிற சனங்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். குரல் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டால், யாருடைய காதுக்காக, யாருடைய நாக்கில் என்றும் முடிவு செய்யத்தான் வேண்டும். அண்ணாவி மட்டாஞ்சேரிக்குப் பக்கத்து மக்களை நினைத்து முடிவு செய்தார். கேம் நிறுவனங்களின் பட்டியலில் அந்தப் பக்கம் இல்லை.

இந்தச் சில வருடங்களாக மௌனம் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. ‘ஃபால்அவுட் 4’இன் உரையாடல் முறை அவ்வளவாக எடுபடவில்லை என்று அதன் இயக்குநர் டாட் ஹாவர்டே பின்னர் ஒப்புக்கொண்டார். விளையாடுகிறவர்கள் அதற்கு முன்பே காரியத்தில் இறங்கிவிட்டார்கள். முழு வரியையும் திரையில் காட்டும் மாற்றத்தையும், நாயகனின் குரலை அடக்கிவிடும் மாற்றத்தையும் தாங்களே எழுதிப் போட்டார்கள். 2023இல் அதே நிறுவனம் ‘ஸ்டார்ஃபீல்ட்’ கொண்டு வந்தது. இரண்டரை லட்சத்துக்கு மேல் வரிகள், நாயகன் ஊமை. அதே வருடம் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’இல் நாம் படைத்த ஆள் உரையாடலில் வாய் திறப்பதில்லை. அஸ்டேரியன் என்ற துணைப் பாத்திரம் கூட வரும்போது நாள் முழுக்க அலட்டிக்கொண்டு பேசுகிறான். அவனையே நம் நாயகனாக எடுத்துக்கொண்டால், உரையாடல்களில் பெரும்பாலும் அமைதியாகிவிடுகிறான். அந்த அமைதிக்குள் நம்மை நுழையச் சொல்கிறார்கள்.

நான் ஆசையோடு நுழைந்தேன். நிறைய வரிகள், நிறைய பதில்கள், என் கட்சி கேட்ட அத்தனையும் இருந்தது. ஒரு வாரம் விளையாடிய பிறகுதான் எது இல்லை என்று தெரிந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, வரிகளைக் கண்ணால் மேய்ந்துவிட்டு, ஒன்றைத் தொடுகிறேன். சத்தமாகப் படிக்கவில்லை. யாருக்குப் படிப்பது? நாயகன் ஊமையாகத் திரும்பி வந்துவிட்டான், பின்பாட்டுக்காரர்கள் வரவில்லை. கொங்கணிக்காரன் மும்பையில் இருக்கிறான், வீட்டுக்காரன் குடும்பம் ராஜ்கோட்டுக்கே போய்விட்டது. எங்கள் குடும்பமும் அப்பா ஓய்வு பெற்றதும் ஊரைக் காலி செய்தது. அந்தக் கம்ப்யூட்டர் எந்தப் பழைய சாமான் கடைக்குப் போனதோ, அதோடு எங்கள் ஒலிப் பதிவுகளும் போயின. இப்போது நான் பேசுவது சென்னைத் தமிழ். ‘மதிடா’ என்று இங்கே சொன்னால் யாருக்கும் புரியாது; சொல்லவும் வாய் வருவதில்லை. நான் ஏங்கியது மௌனத்துக்கென்று நினைத்திருந்தேன். அந்த மௌனத்தை நாலு பேர் சேர்ந்து நிரப்பிய சத்தத்துக்குத்தான் ஏங்கியிருக்கிறேன்.

அதற்கு மிக நெருக்கமாக ஒரு தடவை போனேன். டொரோண்டோவில் ஒரு சிறு குழு செய்த ‘வெண்பா’ 2023இல் வந்தது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், அவர்களுடைய சமையல், மகனோடு நடக்கும் பேச்சு. பாத்திரத்தை நாம் படைக்க வேண்டியதில்லை. அது வேறு வகை. ஆனால் உரையாடல் எல்லாம் எழுத்தில்தான். தங்கை வந்திருந்தாள். திரையில் இங்கிலீஷில் வரும் அம்மாவின் வரிகளை அவள் எங்கள் அம்மா பேசுகிற மாதிரியே தமிழில் சொல்லத் தொடங்கினாள். நான் அப்பாவானேன். இட்லிப் பானையில் எதை முதலில் வைப்பது என்று இருவரும் சண்டை போட்டோம். சட்டென்று அவள் மகன், மட்டாஞ்சேரியைப் பார்த்தே இராதவன், “மாமா, அம்மா ஏன் மலையாளம் மாதிரி பேசறாங்க?” என்று கேட்டான்.

இன்று இயந்திரத்தைக் கொண்டே எந்தக் குரலையும் செய்துவிடலாம் என்கிறார்கள். அமெரிக்காவில் கேம்களுக்குக் குரல் கொடுக்கும் நடிகர்கள் 2024 ஜூலையில் வேலைநிறுத்தத்தில் இறங்கியதற்கு அந்தப் பயமே முக்கியக் காரணம். நடிகர்களின் குரலை அவர்கள் சம்மதமில்லாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. நாளை ஏதாவது ஒரு மென்பொருள் என் நாயகனைச் சுத்தமான தமிழில் பேச வைத்துவிடும் என்றும் தெரியும். அது நியூஸ் வாசிப்பவரின் தமிழாக இருக்கும். கச்சி முனகலும் கொங்கணிக் கத்தலும் அதில் இருக்காது. யார் குரல் என்று சண்டை போட ஆளும் வேண்டியிருக்காது.

ஆகவே என் கட்சியைக் கொஞ்சம் திருத்திச் சொல்கிறேன். நாயகன் பேசட்டும், ஷார்ஜாவில் ஒருவன் வேலை முடிந்து சாய்ந்து கேட்கட்டும். பேசாதிருக்கட்டும் என்பவர்களுக்கு அந்தக் குரலை அடக்கும் வசதியும், முழு வரியையும் காட்டும் வசதியும் கேமிலேயே இருக்கட்டும். விளையாடுகிறவன் மெனக்கெட்டு எழுதிப் போடும்படி விடவேண்டாம். இதற்கு மேல் நான் கேட்பது ஒன்றே ஒன்று, செலவில்லாதது, 2000இலேயே இருந்தது: நம் குரலைப் பதிவு செய்து போட்டுக்கொள்ளும் அந்த ஃபோல்டர். உரையாடல் முழுவதற்கும் திறந்து வையுங்கள். எந்த ஊரிலாவது ஒரு மாடியில் நாலு பையன்களும் ஒரு மலிவு மைக்கும் இருப்பார்கள். யார் குரல் என்ற சண்டையை அவர்கள் தீர்த்துக்கொள்வார்கள்.